யானைக்கு எத்தனை கவளம்?

2023ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் காலையில் கம்பம் நகரத் தெருக்களில் காட்டு யானை ஒன்று ஓடியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிக்கொம்பன் என்பது அதன் பெயர். மலைக்கு அப்பால் சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதிகளில் நெடுங்காலம் திரிந்த அந்த யானை, அரிசியின் சுவை கண்டு நியாயவிலைக் கடைகளையும் தோட்டத் தொழிலாளரின் வீடுகளையும் உடைத்து உண்ணப் பழகிவிட்டது. அதனாலேயே மலையாள மக்கள் அதற்கு அப்பெயரை இட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கேரள வனத்துறையினர் அதனைப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டனர். அதுவோ மேகமலைப் பக்கமாக வந்து கம்பத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஜூன் 5ஆம் நாள் தமிழக வனத்துறையினர் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றனர்.

அந்த வாரங்களில் போடிநாயக்கனூரில் வேறு பேச்சே இல்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அருகில் வந்து, "சாமி, புறநானூற்று யானை வயலுக்குப் போச்சு. நம்ம யானை ரேஷன் கடைக்குப் போகுது" என்றார். சிரித்துவிட்டுக் கலைந்தோம். ஆயினும் அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை. ஆசிரியர் குறிப்பிட்ட பாடல், அண்மைக் காலத்தில் மிகுதியாக எடுத்தாளப்பட்டு, மிகக் குறைவாகவே வாசிக்கப்பட்ட பாடல் என்பது நமது எண்ணம். அதனை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிசிராந்தையார் என்றதும் கோப்பெருஞ்சோழனோடு அவர் கொண்டிருந்த நட்பே நம் நினைவுக்கு வருகின்றது. பாராமலே வளர்ந்து, வடக்கிருந்து உயிர் நீத்தலில் முடிந்த நட்பு அது. அந்தப் புகழின் நிழலில், தம் சொந்த நாட்டு மன்னனாகிய பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் கூறிய அறிவுரை சற்றே மறைந்து கிடந்தது. புறநானூற்றில் 184ஆம் பாடல் அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைச்சலே யானைக்குப் பல நாளைக்குப் போதும் என்கின்றார் புலவர். அதே யானை தானாகவே நூறு வயல்களில் புகுந்துவிட்டால், அது தின்பது சிறிது, மிதித்து அழிப்பதே மிகுதி. அறிவுடைய அரசன் முறையறிந்து வரி கொண்டால் நாடு கோடி கோடியாக ஈட்டித் தந்து தானும் தழைக்கும். அவன் மெலிந்தவனாகி, அளவறியாத ஆரவாரச் சுற்றத்தின் சொற்படி குடிகளை வருத்தினால், யானை புகுந்த நிலம்போல அவனுக்கும் உணவில்லை, நாட்டுக்கும் வாழ்வில்லை. பாடலின் சாரம் இவ்வளவே.

2019ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது முதல் வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்தபோது இப்பாடலைத் தமிழிலேயே கூறி விளக்கினார். தமிழர் என்ற முறையில் நாமும் மகிழ்ந்தோம். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பாடலைச் சொன்ன அந்த உரையிலேயே ஆண்டு வருமானம் 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்டோர் மீதான கூடுதல் வரி உயர்த்தப்பட்டது. 5 கோடிக்கு மேற்பட்டோர் செலுத்தவேண்டிய உச்ச வரி 42.74 விழுக்காடாயிற்று. ஆனால் சரியாக 77 நாள்கள் கழித்து, செப்டம்பர் 20ஆம் நாள், காற்று திசை மாறியது. நிறுவனங்களின் மீதான அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைக்கப்பட்டது. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடே போதும் என்றாயிற்று. இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடு அன்று ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் துள்ளியது. பின்னர் 2023இல், பெருஞ்செல்வர்களின் 42.74 விழுக்காடும் புதிய வரி முறையில் 39ஆகத் தணிந்தது.

பிசிராந்தையாரின் அறிவுரை நிறைவேறிற்று என்று அப்போது மகிழ்ந்தவர்கள் உண்டு. யானை வயலை விட்டு வெளியேறிவிட்டது என்பது அவர்களது வாசிப்பு. இங்கேதான் நாம் வேறுபடுகின்றோம்.

பாடலை மீண்டும் பாருங்கள். யானை உண்ணவேண்டும் என்பதில் புலவருக்கு ஐயமே இல்லை. யானையைப் பட்டினி போடு என்றோ, கவளத்தைச் சிறிதாக்கு என்றோ அவர் கூறவில்லை. அவர் கவலையெல்லாம் உணவு எவ்வழியில் யானையிடம் சென்று சேர்கின்றது என்பதைப் பற்றியதே. முதலில் கதிர் முற்றவேண்டும், பின்பு அதனை அறுக்கவேண்டும், அளந்து கவளமாக்கவேண்டும், அதன் பிறகே ஊட்டவேண்டும். எவரிடம் விளைந்தது, எவ்வளவு விளைந்தது என்று கணக்குப் பார்த்துக் கொள்ளும் வரி அது. இதற்கு எதிரானது, யார் வயல் என்று பாராமல் நடந்து செல்லும் கால். குறைந்த வரியையும் மிகுந்த வரியையும் எதிரெதிராக நிறுத்துவதாகப் பாடலை வாசிப்பது சொல்லுக்கு ஒட்டாது என்பது நம் துணிபு. அளந்து கொள்வதும் அளவாமல் மிதிப்பதுமே அங்கு எதிரெதிராக நிற்கின்றன.

பாடலில் சுற்றத்தாரைக் குறிக்கும் இடத்தில் 'வரிசை' என்றொரு சொல் வருகின்றது. அவர்கள் அதனை அறியாதவர்கள் என்பதே புலவர் சுமத்தும் குற்றம். வரிசை என்பது தகுதியின் படிநிலையையும், அளவையும், முறையையும் ஒருங்கே குறிக்கும். கபிலரும் மலையமான் திருமுடிக்காரியிடம் (புறநானூறு, 121) இதே சொல்லைக் கொண்டே பேசுகின்றார். எல்லாருக்கும் ஒன்றுபோல வழங்குவது எளிது, அவரவர் தகுதியறிந்து வழங்குவதே அரிது என்பது அவர் கருத்து. கொடுப்பதில் வரிசை வேண்டும் என்றார் கபிலர், கொள்வதில் வரிசை வேண்டும் என்றார் பிசிராந்தையார். இந்நாளைய பொருளியலார் ஏறுமுக வரி என்று பெயரிட்டு அழைப்பது இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

அளந்து கொள்ளும் வரியும் அளவு மீறினால் என்னவாகும் என்ற கேள்வி எழும். எழவேண்டிய கேள்விதான். 1973-74இல் நம் நாட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 விழுக்காடாக இருந்தது. உச்சப் படியில் ஈட்டும் நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயை மட்டும் வைத்துக்கொள் என்றால், எவர் உண்மைக் கணக்கைக் காட்டுவார்? கறுப்புப் பணம் பெருகியது. 1985இல் வி. பி. சிங் நிதியமைச்சராயிருந்தபோது அது 50 விழுக்காடாயிற்று. 1997இல் ப. சிதம்பரம் அதனை 30 ஆக்கினார். வரி செலுத்துவோர் எண்ணிக்கையும் வருவாயும் பின்னர் வளர்ந்ததை மறுப்பது முறையாகாது. 1953இல் வந்த மரணச் சொத்து வரி 1985இல் நீங்கியதும், 1957இல் வந்த செல்வ வரி 2015இல் நீங்கியதும் இத்தகைய காரணங்களாலேயே. செல்வ வரி 2013-14இல் நாடு முழுவதிலும் ஈட்டித் தந்தது ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய்தான். வலை இருந்தது, மீன் இல்லை. அந்த வரிகளுக்காக நாம் கண்ணீர் சிந்தப்போவதில்லை, வலையைச் செப்பனிட்டிருக்கலாமே என்ற வருத்தம் ஒருபுறம் இருக்க.

ஆனால் 97லிருந்து இறங்கியது நன்மை தந்தது என்பதால், 30லிருந்து 22க்கு இறங்குவதும் நன்மை தரும் என்று முடிவு கட்ட முடியாது. நோயாளிக்கு மருந்தின் அளவைக் குறைத்த மருத்துவர் உயிரைக் காத்தார் என்பதற்காக, மருந்தையே நிறுத்தினால் இன்னும் நலமடைவான் என்று எவரும் வாதிடுவதில்லை. 2019க்குப் பின் என்ன நடந்தது என்பதற்கு எதிர்க்கட்சியினரின் மேடைப் பேச்சை நாம் நாடவேண்டியதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் 2019-20ஆம் ஆண்டறிக்கை, வரிக் குறைப்பால் கிடைத்த பணத்தை நிறுவனங்கள் கடனைத் தீர்க்கவும் கையிருப்பைப் பெருக்கவுமே பயன்படுத்தின, புதிய முதலீட்டுச் சக்கரம் அதனால் சுழலத் தொடங்கவில்லை என்று கூறியது. நிதியமைச்சகத்தின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையும் இதே கவலையைத் தெரிவித்தது. 2018-19 முதல் 2022-23 வரை தனியார் துறை இயந்திரங்களிலும் கருவிகளிலும் அறிவுச் சொத்துகளிலும் இட்ட முதலீடு மொத்தமாக 35 விழுக்காடுதான் வளர்ந்தது என்றும், கட்டடங்களில் இட்டது 105 விழுக்காடு வளர்ந்தது என்றும், இது நலமான கலவையன்று என்றும் அது எழுதியது. அடுத்த ஆண்டின் அறிக்கை இன்னும் வெளிப்படை. 2023-24இல் பெரு நிறுவனங்களின் இலாபம் 22.3 விழுக்காடு உயர்ந்தபோது, அவை தந்த வேலை 1.5 விழுக்காடே உயர்ந்தது. இலாபம் நாட்டு வருமானத்தில் பெற்ற பங்கு பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்தை எட்டியிருந்தது.

கொரோனாக் கொள்ளைநோய் இடையில் வந்ததே என்பர். உண்மை, அது கணக்கைக் குழப்பியது. ஆனால் பெருநோய் காணாத காலங்களையும் சேர்த்து, வளர்ந்த நாடுகள் 18இல் ஐம்பது ஆண்டு வரலாற்றை டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பெர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் 2020இல் ஆராய்ந்து வெளியிட்டனர். செல்வர்க்குப் பெரிய அளவில் வரி குறைக்கப்பட்ட போதெல்லாம் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரின் பங்கு உயர்ந்தது, நாட்டின் வளர்ச்சியிலோ வேலைவாய்ப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2012இல் இத்தகைய சோதனையில் இறங்கி, கருவூலம் வற்றிப்போக, 2017இல் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றமே வரிகளை மீட்டெடுத்தது. ஜான் கென்னத் கால்பிரெய்த் என்ற பொருளியலார் இந்தக் கோட்பாட்டைக் குதிரையையும் குருவியையும் கொண்டு கேலி செய்தார். குதிரைக்கு ஏராளமாகத் தானியம் போட்டால், அது சாலையில் இட்டுச் செல்வதில் குருவிகளுக்கும் கொஞ்சம் கிடைக்குமாம். நம் யானையைக் காட்டிலும் இக்குதிரை நாகரிகம் குறைந்தது. ஆயினும் உவமை தெளிவாயிருக்கின்றது.

இவையெல்லாம் தில்லியிலும் அயல்நாட்டிலும் நடந்தவை. நம் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை நடந்திருக்கின்றது என்பதைப் போடி மக்களே அதிகம் பேசுவதில்லை. ஏலக்காய் விளையும் மலைச்சரிவுகளில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும், தோட்டக்காரரில் பலரும் தொழிலாளரில் பெரும்பாலாரும் இப்பக்கத்து மக்களே. ஏலக்காய் விளைவித்து உலர்த்தி விற்கும் வருமானம் விவசாய வருமானமாகையால், மத்திய வருமான வரிச் சட்டத்துக்கு அது உட்படுவதில்லை. மாநில அரசுகளே அதன்மீது வரி விதிக்கலாம். 2018 ஜூனில், நீதிபதி கிருஷ்ணன் நாயர் குழுவின் பரிந்துரைகளை அடுத்து, தோட்ட வரியை நீக்குவதாகவும் தோட்டங்களின் மீதான விவசாய வருமான வரியை நிறுத்திவைப்பதாகவும் கேரள அரசு அறிவித்தது. செங்கொடி ஏந்திய அரசு என்பதைக் கவனிக்கவேண்டும். தேயிலையும் இரப்பரும் நொடித்திருந்தன, சலுகை தந்தால் தொழில் பிழைக்கும், தொழிலாளரும் பிழைப்பர் என்பது கருத்து. அக்கருத்தில் தீய நோக்கம் இருந்ததாக நாம் எண்ணவில்லை.

பின்பு நடந்ததைக் காலவரிசையில் காண்போம். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. ஏலச்செடிகள் அழுகின. அடுத்த கோடையில் வறட்சி. காய் அரிதாயிற்று, விலை ஏறத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிலோ ஆயிரம் ரூபாய் அளவில் நின்ற காய், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் 7,000 ரூபாயைத் தொட்டது. போடிக் கடைவீதியில் அந்நாள்களில் நகைக்கடைகளிலும் வண்டிக் கடைகளிலும் கூட்டம் அலைமோதியதாகச் சொல்வார்கள். பிறகு விளைச்சல் பெருகியது, 2021-22இல் விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. இந்த ஏற்றத்தாழ்வு முழுவதிலும் வரிச் சலுகை ஒரே நிலையில்தான் இருந்தது. ஆகவே ஏறியதும் அதனால் அன்று, இறங்கியதும் அதனால் அன்று. மழையும், வளைகுடா நாட்டுத் தேவையும், குவாத்தமாலாவின் விளைச்சலுமே மலையின் வாழ்வைத் தீர்மானித்தன. விலை ஏழு மடங்கானபோது கூலி ஏழு மடங்காகவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, காய் எடுத்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் தாய்மார்கள் நம் பங்கிலேயே பலர். அந்த ஏழாயிரத்தைப் பற்றி அவர்களுள் ஒருவரிடம் கேட்டோம். "காய் விலை எங்களுக்கெதுக்கு சாமி? கொறஞ்சா வேலை இல்லன்னு சொல்வாங்க, கூடுனா சீக்கிரம் எடுன்னு சொல்வாங்க" என்றார்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நம் பங்கின் மறைக்கல்விக் கூடத்துக்கு 2019இன் இறுதியில் புதிய கூரை அமைந்தது. நமக்கு முன்னிருந்த பங்குத்தந்தையின் காலத்தது அது. கொடுத்தவர் உடும்பன்சோலைப் பக்கம் நாற்பது ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நம் பங்கினர். நல்ல மனிதர். தொழிலாளர் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் தவறாமல் வருபவர். இக்கட்டுரையின் கருத்துகளை அவரிடமே முதலில் பேசிப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சாமி, ஏழாயிரம் வித்த வருசம் என்கிட்ட வரி வாங்கியிருந்தா இந்தக் கூரை வந்திருக்குமா? கவருமெண்டுக்குப் போன பணம் திரும்பி வர்றதை நீங்க பாத்திருக்கீங்களா?"

உடனே மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. மழை நாள்களில் நாமும் அக்கூரையின் கீழ்தான் நிற்கின்றோம். கால்பிரெய்த்தின் குருவிகளில் நாமும் ஒன்று என்று அன்றிரவு தோன்றியது. பிறகு எண்ணிப் பார்த்தோம். கூரை நம் பங்குக்கு வந்ததற்குக் காரணம், நம் பங்கில் ஒரு தோட்டக்காரர் இருந்ததே. கூலிக்காரர் மட்டுமே வாழும் மலையடிவாரச் சிற்றூர்க் கோவில்களில் பழைய தகரமே இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கின்றது. கொடையாளரின் கண் படும் இடத்தில் விழுவது கொடை. கண் படாத இடத்துக்கும் போகவேண்டிய பணம் ஒன்று உண்டல்லவா?

அவரது இரண்டாம் கேள்விக்கு ஊரிலேயே விடை இருந்தது. 1928இல் ஏலக்காய் வணிகத்தை ஒட்டித் திறக்கப்பட்ட மதுரை-போடி மீட்டர் பாதை, அகலப்பாதையாக்குவதற்காக 2010இன் இறுதியில் மூடப்பட்டது. மீண்டும் போடிக்கு இரயில் வந்தது 2023 ஜூன் 15ஆம் நாள். 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்! ஆண்டுதோறும் நிதி போதவில்லை, போதவில்லை என்றே சொன்னார்கள். முழுப் பணிக்கும் தேவைப்பட்டது சில நூறு கோடி ரூபாய். 2019இல் ஒரே அறிவிப்பில் ஆண்டுக்கு 1,45,000 கோடியை விட்டுக்கொடுக்க முடிந்த கருவூலத்துக்கு இது இயலாததாயிருந்ததா என்று கேட்டோம். தோட்டக்காரர் சிரித்தார். அரசுப் பணத்தில் வீணடிப்பும் களவும் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆரவாரச் சுற்றத்தைப் புலவர் சும்மா சாடவில்லை.

ஆனால் பணம் போதாதபோது அரசு வெறுங்கையோடு இருப்பதில்லை. அது வேறு வயலுக்குள் நுழைகின்றது. நிறுவன வரி 2018-19இல் 6.63 இலட்சம் கோடியாக இருந்தது, 2019-20இல் 5.57 இலட்சம் கோடியாகக் குறைந்தது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, டீசல் மீதான மத்தியத் தீர்வை ஒரே நாளில் லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தப்பட்டு 31.83 ரூபாயாயிற்று. 2014 மே மாதத்தில் அது 3.56 ரூபாயாக இருந்தது. எரிபொருளிலிருந்து மத்திய அரசு பெற்ற தீர்வை 2019-20இல் சுமார் 2.23 இலட்சம் கோடி, அடுத்த ஆண்டில் ஏறக்குறைய 3.73 இலட்சம் கோடி. ஊர்திகள் ஓடாத ஆண்டில் இந்த உயர்வு! 2021லும் 2022லும் தீர்வை குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் போடிமெட்டு ஏறும் ஜீப்புக்குள் யார் அமர்ந்திருக்கிறார் என்று டீசல் வரி கேட்பதில்லை. தோட்டக்காரரின் காருக்கும் அதே வரி, கூலியாள் ஏறும் வண்டிக்கும் அதே வரி. வண்டிச் செலவை யார் ஏற்பது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், ஆனால் முடிவில் அது கூலியின் மீதே அழுந்தும். சோப்புக்கட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 வரை 18 விழுக்காடு வரி இருந்தது. அன்று அது 5ஆகக் குறைந்தபோது, இத்தனை நாள் அதைக் கொடுத்து வந்தோமா என்று வியந்தவர்களே நம் பங்கில் மிகுதி.

பிசிராந்தையாரின் உவமையை எந்த வரிக்குப் பொருத்துவது என்பது இப்போது தெளிவாகும் என எண்ணுகின்றோம். வருமானத்தைக் கணக்கிட்டு, விகிதம் அறிவித்து, ஏழைக்கு விலக்கு அளித்து, செல்வரிடம் கொள்ளும் நேர்முக வரியே அறுத்து ஊட்டும் கவளம். வயல்தோறும் நடந்து செல்லும் கால் எது என்பதை டீசல் கடையில் காணலாம். கவளத்தைக் குறைத்துவிட்டு யானையை வெளியே அவிழ்த்துவிட்ட செயலுக்குப் புலவரைச் சாட்சிக்கு அழைத்தால், அவர் எப்பக்கம் நின்று பேசுவார்? நிறுவன வரி பின்னர் 2023-24இல் 9.11 இலட்சம் கோடியாக உயர்ந்ததே என்பர். அதே ஆண்டில் தனிமனிதர் செலுத்திய வருமான வரி 10.45 இலட்சம் கோடி. 2018-19இல் நிறுவனங்களே முன்னின்றன, இப்போது தனிமனிதர் முன்னிற்கின்றனர். ஊதியம் பெறும் ஆசிரியரும் எழுத்தரும் அதில் உண்டு. இலாபம் பெருகியதைக் காட்டிலும் மெதுவாகவே இலாப வரி பெருகியது.

குவாத்தமாலாவைப் பற்றி ஒரு சொல். ஏலக்காய்க்கு நம் மலையைவிட்டால் அந்நாடுதான். 1914 அளவில் ஒரு ஜெர்மானியர் கொண்டுசென்று நட்ட செடி இன்று அந்நாட்டை உலகின் முதன்மை ஏற்றுமதியாளராக்கியிருக்கின்றது. மாயா இனத்து ஏழைக் கத்தோலிக்க உழவர்களே அங்கு பெரும்பாலும் அதனை விளைவிக்கின்றனர். நாட்டு வருமானத்தில் வரியின் பங்கு அங்கு 12 விழுக்காட்டளவே. இலத்தீன் அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த வரி வாங்கும் நாடுகளுள் ஒன்று. வரி குறைந்தால் நாடு தழைக்கும் என்பது உண்மையானால் அது சொர்க்கமாயிருக்கவேண்டும். 2014-15இல் எடுத்த கணக்கின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 46.5 விழுக்காட்டினர் ஊட்டமின்மையால் வளர்ச்சி குன்றியிருந்தனர். வரி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டோம். உள்நாட்டுப் போரும் நிலவுடைமையும் உண்டு. ஆனால் குறைந்த வரி அக்குழந்தைகளைக் காக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

திருச்சபையின் மரபு இதில் ஒருபக்கம் சாய்ந்ததன்று. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தமது 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், மிகையான வரியால் தனியார் உடைமையை அரசு உறிஞ்சிவிடலாகாது என்று எச்சரித்தார். 1961இல் இருபத்துமூன்றாம் யோவான், வரிச்சுமை அவரவர் தாங்கும் ஆற்றலுக்கேற்ப அமையவேண்டும் என்றார். இரண்டும் சேர்ந்ததே வரிசை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல், மேலே நிரம்பினால் கீழே வழியும் என்ற கோட்பாட்டை மெய்ந்நிகழ்ச்சிகள் ஒருபோதும் உறுதி செய்யவில்லை என்று எழுதினார். லூக்கா நற்செய்தியின் இலாசர் உவமையை வாசிக்கும்போதும் ஒன்றைக் கவனிக்கலாம். செல்வரின் மேசையிலிருந்து விழுவதைக் கொண்டு வயிற்றை நிரப்ப அவன் விரும்பினான் என்றுதான் எழுதப்பட்டுள்ளது. அவனுக்கு அது கிடைத்தது என்று எழுதப்படவில்லை.

கட்டுரையை எழுதி முடிக்குமுன் தோட்டக்காரர் மீண்டும் வந்தார். "அப்ப என் நாற்பது ஏக்கர் மேல மறுபடி வரி போடணும்னு எழுதப் போறீங்களா, சாமி?" என்றார். விலை ஆயிரத்துக்குக் கீழே சரிந்த ஆண்டில் வேண்டாம் என்றோம். ஐந்து ஏக்கர்க்காரருக்கும் வேண்டாம். விலை ஏழாயிரம் தொட்ட ஆண்டில், பெருந்தோட்டங்களிடமிருந்து, ஒரு பகுதியை அளந்து வாங்கி, குறிப்பாகத் தொழிலாளர் குடியிருப்புக்கும் மருத்துவத்துக்கும் என எழுதி வைத்திருந்தால், விலை சரிந்த ஆண்டில் அது மலைக்கே உதவியிருக்கும் அல்லவா என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "எழுதி வச்சா அப்படியே செய்வாங்களா?" என்றார். அதற்கு நம்மிடம் உறுதிமொழி இல்லை. பாடலின் படி ஒன்றைக் கேட்டு வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றி வாசித்தார். வரிசை என்ற சொல்லில் விரலை வைத்துப் பொருள் கேட்டார். சொன்னோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.